தூண்டிலுக்கு மூன்று விலைமனு

அரச பணத்தில் ஒரு பொருள் வாங்குவதென்றால் குறைந்தது மூன்று பேரிடம் விலைமனு கோர வேண்டும். பொருளைச் சிபாரிசு செய்தவர் அதை மதிப்பீடு செய்யும் குழுவில் இருக்கக் கூடாது. விற்பவரோடு உறவோ கொடுக்கல் வாங்கலோ உள்ளவர் அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான் வாங்கிய தூண்டில் அரச பணத்தில் வாங்கியதல்ல, என் ஓய்வூதியத்தில் வாங்கியது என்று சிலர் வாதாடக்கூடும். ஓய்வூதியம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களைத் திருப்பிக் கேட்பேன்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துப் பக்கம் வந்து சேர்ந்த முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் போகமாட்டோம் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டாவது பகுதி. என் மகள் புத்தளத்தில் கலியாணம் முடித்தவள். என் வீடு ஆலங்குடாவில் இருந்தது. என் மருந்துச் சீட்டுகளும் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தன. மச்சான் முதலாவது பகுதி.

மச்சான் என்பது என் மனைவியின் நானா, மூத்த சகோதரர். கற்பிட்டியில் நெடுங்காலம் தையல் கடை வைத்திருந்தவர். மனைவி மவுத்தாகி, மகன்மார் கட்டாரில் இருக்க, எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் தனியாக இருந்தார். மன்னாரில் அவருடைய வாப்பாவின் வீடு இருந்த காணியைத் திரும்பத் தரும்படி ஒரு காரியாலயத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். எந்தக் காரியாலயம் என்று எழுதப்போவதில்லை, அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை எழுதியது நான். பதில் வந்தால் மச்சான் போய்விடுவார், வராவிட்டால் இருப்பார். இது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். மச்சான் போய்விட்டால், பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நாள்தோறும் சண்டை பிடிக்க எனக்கு வேறு ஆள் கிடையாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பின்னேரங்களில் மச்சான் கடற்கரைக்குப் போவார். ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சுற்றிய தங்கூசி நூல், நுனியில் ஒரு ஈயம், ஒரு கொளுக்கி. அதைத் தலைக்கு மேலே சுழற்றிக் கடலுக்குள் வீசிவிட்டு, நூலை விரலில் பிடித்தபடி மணலில் இருப்பார். நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்ததால் நானும் கூடப் போவேன். ஒரு நாள் அந்தக் கைத்தூண்டிலை வாங்கி வீசிப் பார்த்தேன். ஈயம் எனக்குப் பின்னால் விழுந்தது, நூல் என் சுட்டு விரலை அறுத்தது.

"பேனை புடிச்ச கை," என்றார் மச்சான். "உங்களுக்கெண்டு ஒரு தடியும் ரீலும் வாங்குங்க மச்சான்."

"உங்கட இருக்குத்தானே."

"என்டது என்னோட வரும். உங்களுக்கு ஒண்டு வேணும். கற்பிட்டியில நமக்குத் தெரிஞ்ச கடை ஒண்டு இருக்கு."

நான் அரச சேவையில் இருந்த காலத்தில் 'நமக்குத் தெரிஞ்ச கடை' என்ற சொற்களை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அவற்றில் பல ஒழுக்காற்று விசாரணையில் முடிந்தன. மீதியும் அப்படி முடிந்திருக்க வேண்டியவை. அதற்குப் பிறகு மச்சான் அந்தக் கடையைப் பற்றி அடிக்கடி சொன்னார். சாப்பிடும்போது சொன்னார், தொழப் பள்ளிக்குப் போகும் வழியில் சொன்னார். தன் தையல் மெசினுக்குக் கூட இவ்வளவு பரிந்து பேசாதவர் என்னுடைய தூண்டிலுக்கு ஏன் பேசுகிறார் என்று நான் யோசித்தேன்.

"நானா ஆசையாச் சொல்றார். அதிலயும் உங்களுக்குச் சந்தேகமா?" என்றாள் என் மனைவி.

"ஆசையாச் சொல்றதாலதான் சந்தேகம்."

விதி தெளிவாக இருந்தது. மூன்று விலைமனு.

முதலில் மச்சான் சொன்ன கடைக்கே போனேன். அவரிடம் சொல்லாமல் போனேன். வலை, கயிறு, மிதவை, இயந்திர எண்ணெய் எல்லாம் நெருக்கியடித்து இருந்த கடை. முதலாளி கதிரையை விட்டு எழும்பாமலே என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"சேர், உங்கட மச்சான் சொல்லி வெச்சவர். இந்தா, இதுதான். ஒம்பது அடித் தடி, அளவான ரீல், நைலோன் நூல். புதுசாப் பழகிற ஆளுக்கு இது போதும்."

"எப்ப சொல்லி வெச்சவர்?"

"எப்பயோ. போன மாசமா இருக்கும்."

நான் தடியைப் பார்த்தேன். எங்கே செய்தது, உத்தரவாதம் எவ்வளவு காலம், வளையங்கள் துருப்பிடிக்குமா, விலையை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டேன்.

"சேர், தூண்டில் வாங்க வந்தீங்களா, ஒடிட் பண்ண வந்தீங்களா?"

"அவருக்கு இதில எவ்வளவு?" என்று கேட்டேன்.

"ஆருக்கு? எதில?"

"என்ட மச்சானுக்கு. இதில."

 முதலாளி சிரித்தார். "சேர், ஒரு பிளேன்டி குடிப்பமா?"

கேள்விக்குத் தேநீரைப் பதிலாகத் தருபவர்களை எனக்கு நெடுங்காலமாகத் தெரியும். விலையை நானே ஒரு தாளில் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இரண்டாவது விலைமனுவுக்கு முந்தல் வரை பஸ்ஸில் போனேன். இறால் பண்ணைகளுக்குத் தீனி மூட்டையும், குளத்து நீரைக் கலக்கும் சக்கரங்களும் விற்கும் கடை. சுவரில் சில தூண்டில் தடிகள் சாத்தியிருந்தன. விற்பனையில் நின்றவர் மிக நீளமான ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"பன்ரெண்டு அடி சேர். ஜப்பான்."

"ஜப்பான் எண்டு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல்ல சேர். ஆனா ஜப்பான்."

அவரை நான் நம்பவில்லை. ஆனால் விலைமனு கேட்டதும், கடையின் பெயர் அச்சடித்த தாளை எடுத்துத் தடி, ரீல், பின்னல் நூல், ஈயம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி, விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் குறித்து, கையொப்பமிட்டு, றப்பர் முத்திரையும் குத்தித் தந்தார். முத்திரை நேராகவும் விழுந்திருந்தது. அப்படி ஒரு தாளைத் தருகிறவரிடம் ஏதோ ஒழுங்கு இருக்கிறது என்று எண்ணுவது ஒருவருடைய தொழில் பழக்கம். அப்படி எண்ணுகிறவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது தலவிலத் தேவாலயத் திருநாளில் கிடைத்தது. திருநாள் நடக்கும்போது எல்லாச் சாதி சனமும் அங்கே போகும். என் மனைவிக்கு அங்கத்தைய தொதல் இனிப்புப் பிடிக்கும். செபமாலைக்கும் பிளாஸ்டிக் துவக்குக்கும் நடுவில் ஒரு கடையில், தடி, ரீல், நூல், கொளுக்கி எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பையின் மேலே ஒரு வெள்ளைக்காரர் ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இந்த மீன் நம்மட கடல்ல இல்லையே."

"மீன் படம் மட்டும்தான் சேர். தூண்டில் அசல்."

"விலையை எழுத்தில தர ஏலுமா?"

"எழுத்திலயா? சேர், திருநாள் முடிஞ்சா எங்கட கடையே இஞ்ச இல்ல."

மெழுகுதிரி சுற்றிய தாளின் பின்பக்கத்தில் ஒரு இலக்கத்தைக் கிறுக்கித் தந்தார். கையொப்பமிடச் சொன்னபோது பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் சிரிக்க வைத்தார்.

மூன்று தாள்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்து மதிப்பீட்டுக்கு இருந்தேன். குழுவுக்குக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். நானும் மனைவியும் இருந்தோம். மூன்றாவது ஆளாக மச்சானைக் கூப்பிடச் சொன்னாள்.

"அவர் சிபாரிசு செஞ்சவர். குழுவில இருக்க ஏலாது."

"மீன் புடிக்கத் தெரிஞ்ச ஆளை வெளியில வெச்சிட்டு, தெரியாத ரெண்டு பேர் முடிவெடுக்கிறதா?"

"அதுதான் முறை."

"எனக்குச் சோறு வடிக்கணும்," என்று எழும்பிப் போய்விட்டாள். குழு என்னோடு நின்றது. கற்பிட்டிக் கடையில் முதலாளி தந்த தாள் இல்லை, தேநீர் மட்டும் இருந்தது. தலவிலத் தாளில் கையொப்பம் இல்லை. முந்தல் தாளில் எல்லாம் இருந்தது. முந்தலை எடுத்தேன்.

அந்தத் தடியை பஸ்ஸில் கொண்டு வந்த கதையை விரித்து எழுத விரும்பவில்லை. இரண்டு துண்டாகக் கழற்றியும் அது உள்ளே அடங்கவில்லை. எந்தக் கட்சியின் கொடிக்கம்பம் என்று கண்டக்டர் கேட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் அதைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். சோளகக் காற்று கடுமையாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்காகவே வரும் வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் நின்று அலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தார்கள். மச்சான் தன் நூலை விரலில் பிடித்தபடி இருந்தார். என் தடியை அடியிலிருந்து நுனி வரைக்கும் மெதுவாகப் பார்த்தார்.

"மின்சார சபையில வேலை கிடைச்சிட்டா மச்சான்?"

நான் தடியைப் பொருத்தினேன். அந்தத் தடி வளைந்து வீச வேண்டுமென்றால் நுனியில் கனமான ஈயம் தொங்க வேண்டும். அந்தக் கனத்தைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வீச இளந்தாரித் தோள் வேண்டும். எனக்கு அந்தத் தோள் எப்போதுமே இருந்ததில்லை. முதல் வீச்சில் ஈயம் என் காலடிக்கு முன்னால் மணலில் குத்தி நின்றது. பாரம் குறைந்த ஈயத்தைக் கட்டினேன், தடி அசையவே இல்லை. மெல்லிய பின்னல் நூல் காற்றில் ரீலை விட்டுக் கிளம்பி, கையைச் சுற்றி, தடியைச் சுற்றி, கடைசியில் பறவைக்கூடு மாதிரி ஆனது. நூல் மெல்லியதாக இருந்ததால் முடிச்சை அவிழ்க்கவும் முடியவில்லை. கண்ணாடியைப் போட்டாலும் தெரியவில்லை.

"இதை ஆர் எடுக்கச் சொன்ன?"

"விலைமனுவில் வந்தது."

"என்னட்ட ஏன் ஒரு சொல்லுக் கேக்கல்ல?"

சிபாரிசு செய்தவர் மதிப்பீட்டில் இருக்கக் கூடாது என்ற விதியை அவருக்கு விளங்கப்படுத்தினேன். மச்சான் சிரித்தார். நூலை விரலில் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அன்றைக்கு அவருக்குச் சிரிப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கற்பிட்டிக்குப் போனவர் அந்தக் கடையிலும் ஏறியிருக்கிறார். நான் கேட்ட கேள்வியை முதலாளி ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்கிறார். அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் எங்கள் படலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"என்ட தங்கச்சிட மாப்பிள்ளைக்கு ஒரு தூண்டில் சொல்லி வெச்சு, அதில கொமிசன் எடுக்கிற ஆளா நான்?"

"குற்றம் சாட்டல்ல மச்சான். கேள்வி கேட்டேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்டு விசாரணைக்கு முந்தி. மற்றது விசாரணைக்குப் பிந்தி."

மனைவி குசினி வாசலில் நின்று தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தடியை ஏன் சொல்லி வெச்ச தெரியுமா?" என்றார் மச்சான். "எனக்குக் கடிதம் வந்து நான் போயிட்டா நீங்க கடல் பக்கமே வரமாட்டீங்க. அந்தக் கதிரையில இருந்துகொண்டு என்ட தங்கச்சிய ஒடிட் பண்ணுவீங்க. அவ பாவம். அதான் சொல்லி வெச்ச."

நான் அந்தக் கதிரையைப் பார்த்தேன். 

"சரி," என்றார். "சந்தேகப்பட உங்களுக்கு உரிமை இருக்கெண்டா எனக்கும் இருக்கு. என்ட விண்ணப்பத்தின்ட கொப்பியத் தாங்க."

கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பிரதி உண்டு. அதை எடுத்துக்கொண்டு போனவர் அடுத்த நாள் காலையில் கண்ணாடியோடு வந்தார். இந்தமுறை உள்ளே வந்து, கதிரையில் இருந்து, மேசையில் தாள்களை ஒவ்வொன்றாகப் பரப்பினார்.

"இது காணி உறுதியின்ட கொப்பி. சரி. இது அடையாள அட்டை. சரி. இது என்ன?"

"தென் எல்லை பற்றிய விளக்கம்."

"தென் எல்லையைப் பற்றி ஆர் கேட்டது?"

ஒருவரும் கேட்கவில்லை. காணிக்குத் தெற்கே இருந்தவரோடு மச்சானின் வாப்பாவுக்கு ஒரு வேலித் தகராறு இருந்து, அது தொண்ணூறுக்கு வெகு முன்னரே பேசித் தீர்ந்திருந்தது. பின்னால் யாராவது அதைக் கிளப்பினால் மறைத்ததாக ஆகிவிடும் என்று, தகராறு எப்படி வந்தது, எப்படித் தீர்ந்தது, யார் சாட்சி என்றெல்லாம் ஒரு முழுத் தாளில் எழுதி இணைத்திருந்தேன். முறையான விண்ணப்பம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

"தகராறு எண்ட சொல்லைப் பார்த்தா அவங்க என்ன செய்வாங்க?"

"நில அளவைக்கு அனுப்புவாங்க."

"அதுக்கு எவ்வளவு காலம் எடுக்கும்?"

"சொல்ல ஏலாது."

"கேக்காத கேள்விக்கு ஏன் மறுமொழி எழுதினீங்க மச்சான்?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "உங்களுக்கு எல்லா முறையும் தெரியும். கடிதத்தை ஓட வைக்கவும் தெரியும், படுக்க வைக்கவும் தெரியும். நான் போறது உங்களுக்கு விருப்பமில்லை எண்டது எனக்கும் தெரியும்."

நான் அப்படி நினைத்து எழுதவில்லை. அப்படி நினைத்து எழுதியிருந்தாலும் இதே விண்ணப்பத்தைத்தான், இதே இணைப்புகளோடு, இதே ஒழுங்கில் எழுதியிருப்பேன். என்னைப் பாதுகாக்க என்னிடம் இருந்த ஒரே வாதம் அதுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் நிலைமை இன்னும் கெடும் என்று விளங்கியதால் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மச்சான் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கடற்கரைக்குப் போகும் நேரத்தை மாற்றினார். நான் போகும்போது அவர் திரும்பி வருவார். வழியில் கண்டால் ஸலாம் சொல்லுவார், அவ்வளவுதான். கறி வைத்தால் அதில் ஒரு கோப்பை அடுத்த வளவுக்குப் போகும். கோப்பையோடு இரண்டு சொல்லும் சேர்த்து அனுப்பலாம் என்று பார்த்தேன்.

"நானாட்ட சொல்லு, காற்று இறங்கினா..."

"நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "நான் தபால்காரி இல்ல."

பன்னிரண்டு அடித் தடியோடு நான் தனியாகக் கரையில் நின்றேன். பட்டம் விடும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்து அதைப் பார்த்து, நல்ல தடி என்று பெருவிரலை உயர்த்திக் காட்டினார். அவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று யோசித்தேன்.

காற்று இறங்கத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் மச்சான் திரும்பவும் வந்தார். கையில் பேனையும் வெற்றுத் தாளும் இருந்தன. அவற்றை என் முன்னால் வைத்தார்.

"ஒரு நினைவூட்டல் எழுதுங்க. ஒரு வரி. இணைப்பு ஒண்டும் வேணாம்."

"வேற ஆரிட்டயாவது..."

"வேற ஆருக்கு இவ்வளவு நல்லா எழுத வரும்? எழுதுங்க. நான் இஞ்ச இருந்து பாக்கிறன்."

நினைவூட்டல் கடிதம் ஒன்றினால் ஒரு கோவையை, அதாவது ஒரு பைலை, நிறுத்தி வைக்க முடியும் என்பது வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. கோவை இலக்கத்தில் ஓர் எழுத்து பிசகினால் அது பழைய பதிவேட்டறை வரை போய்த் திரும்பும். கடிதத்தின் இறுதியில் ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் தயாராகும் வரைக்கும் மற்ற எல்லாம் நிற்கும். மேலதிகாரிக்கு ஒரு பிரதி அனுப்பினால், கோவையை வைத்திருக்கும் எழுதுவினைஞருக்குக் கோபம் வரும். கோபம் வந்த எழுதுவினைஞர் மிகவும் முறையாக வேலை செய்வார். இவை எல்லாமே சரியான நடைமுறைகள். எதையும் யாரும் குற்றமென்று சொல்ல முடியாது. எதிரே இருந்த மச்சானுக்கும் ஒன்றும் விளங்கியிராது.

பேனையின் மூடியைக் கழற்றினேன். அந்த வீடு இருந்த ஒழுங்கை எனக்கும் தெரியும். நான் மாப்பிள்ளையாக ஏறிப் போன படி அந்த வீட்டுப் படிதான்.

ஒரு வரி எழுதினேன். இலக்கத்தைச் சரியாகப் போட்டேன். கேள்வி இல்லை, பிரதி இல்லை, இணைப்பு இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சிறிய கடிதத்தை நான் எழுதியதில்லை. மச்சான் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இதில ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்லை. அதுதான் நீங்க கேட்டது."

கையொப்பமிட்டார். தபாலில் போட்டுவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். வேண்டாம் என்று தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கற்பிட்டித் தபாற் கந்தோரில் தானே பதிவுத் தபாலில் போடப்போகிறாராம். நம்பிக்கை இல்லை என்றால் நீங்களும் வாங்க என்றார். போனேன். கடிதம் பெட்டியில் விழவில்லை, எழுதுவினைஞரின் கைக்குப் போனது. பதிவுத் துண்டை வாங்கிக்கொண்டு மச்சான் தபாற் கந்தோரிலிருந்து நேரே அந்தக் கடைக்கு நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"சேர், பிளேன்டி?"

"ஓம்," என்றேன்.

அந்த ஒன்பது அடித் தடி இன்னும் அங்கேயே தொங்கியது. மச்சான் அதை எடுத்து என் கையில் தந்து, ரோட்டுக்குக் கொண்டுபோய் வீசிப் பார்க்கச் சொன்னார். வீசினேன். போய்க்கொண்டிருந்த ஓட்டோக்காரர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் தடி என் கைக்கு அடங்கியது, தோள் நோகவில்லை. ரீலின் பிடியைச் சுற்றிப் பார்த்து, கரகரக்காததை எடுத்தோம். பின்னல் நூல் வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் தடிப்பில் நைலோன் நூல் போதும், சிக்கினால் வெட்டி எறியலாம் என்றார் முதலாளி. ஈயம் நடுத்தரமாகச் சில எடுத்தோம். கொளுக்கியில்தான் சண்டை வந்தது. சின்ன மீனுக்குச் சின்ன இலக்கம் எடுக்க வேண்டும் என்று மச்சான் நின்றார்.

"இலக்கம் கூடக் கூட கொளுக்கி சின்னனாகும் மச்சான்," என்றேன். "முந்தல் கடையில தந்த துண்டுப் பிரசுரத்தில இருக்கு."

"நான் பொடியனில இருந்து மீன் புடிக்கிறன்."

"இலக்கம் பாத்து வாங்கினீங்களா?"

முதலாளி இரண்டு பெட்டியையும் திறந்து காட்டினார். மச்சான் கொளுக்கிகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு, பெட்டியில் பிழையாக அச்சடித்திருக்கிறார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே நூலைச் சுற்றிக் கட்டினோம். அதற்குப் பிறகு பின்னேரங்களில் மறுபடியும் இரண்டு பேரும் போனோம். இறால் துண்டைக் குத்தி, இடுப்பளவு ஆழத்துக்கு அப்பால் போட்டால் போதும் என்று பழகிக்கொண்டேன். கீளி கிடைத்தது. கெளிறு கிடைத்தது, அதன் முள்ளை வெறும் கையால் தொடக் கூடாது என்பதைத் தொட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பாரைக்குட்டி. மச்சானின் விரலில் அன்றைக்கு ஒன்றும் இழுக்கவில்லை. என் மீனைப் பார்த்து, அது வழி தவறி வந்தது என்றார்.

ஆனால் தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டால் எங்கள் இரண்டு பேருடைய கதையும் நின்றுவிடும். கடிதம் வந்து நான் ஒளித்து வைத்திருக்கிறேனோ என்று அவர் என் முகத்தைப் பார்ப்பார். கடிதம் வந்து அவர் எங்களிடம் சொல்லாமல் இருக்கிறாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். தன் கடிதத்தைத் தன் கையில் மட்டும்தான் தர வேண்டும் என்று அவர் தபால்காரரிடம் சொல்லி வைத்திருந்ததும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஒரு நாள் மச்சான் முந்திக் கரைக்குப் போய்விட்டார். நான் இரைக்கு இறாலை உரித்துக்கொண்டிருக்கும்போது தபால்காரர் படலையில் வந்து நின்றார். கையில் நீளமான கடித உறை. மேலே அரச பணி என்று அச்சடித்திருந்தது.

"தாங்க, நான் குடுக்கிறன்."

"ஏலாது சேர். அவர்ட கையில மட்டும்தான். உங்களிட்ட குடுக்க வேணாம் எண்டு உங்கட பேரைச் சொல்லியே சொன்னவர்."

"அவர் கடற்கரையில."

"அப்ப ஏறுங்க, இடத்தைக் காட்டுங்க."

தபால்காரருக்குப் பின்னால் ஏறி, மோட்டார் சைக்கிள் மணலில் புதையும் இடம் வரைக்கும் போய், அங்கிருந்து இரண்டு பேரும் நடந்தோம். காற்று முற்றாக விழுந்து கடல் குளம் மாதிரிக் கிடந்தது. எங்களை ஒன்றாகக் கண்டதும் மச்சான் எழும்பினார். நூலைக் காலால் மிதித்துக்கொண்டு, கையைச் சாரத்தில் துடைத்து, ஒப்பமிட்டு வாங்கினார். உறையைக் கிழித்துத் தாளை எடுத்தார். கண்ணாடி வீட்டில் இருந்தது.

"எழுதினது நீங்க. வாசிக்கிறதும் நீங்களே."

வாசித்தேன். காணி அவருக்கே உரியதென்று ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. மூல உறுதியோடு அவர் நேரில் வந்து பொறுப்பேற்க வேண்டும் என்றிருந்தது. ஒரே தாள். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

"தென் எல்லையைப் பற்றி?"

"ஒண்டும் இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு, "பாத்தீங்களா மச்சான், உங்கட அந்த ஒரு வரிதான் வேலை செஞ்சிருக்கு."

பதிலின் தலைப்பில், அது எந்தக் கடிதத்துக்கு எழுதப்பட்டது என்று குறித்திருந்தது. முதல் விண்ணப்பத்தின் திகதியும், இணைப்புகள் எல்லாவற்றின் இலக்கமும் ஒழுங்காக இருந்தன. நினைவூட்டலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"ஓம்," என்றேன்.

தபால்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். மச்சானின் காலடியில் நூல் வெட்டி வெட்டி இழுத்தது. அவர் குனிந்து அதைக் கையில் எடுத்தார், ஆனால் இழுக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் சந்தோசம்தான் இருந்தது. அதை என்னிடமிருந்து கொஞ்சம் மறைக்கப் பார்த்தார்.

"தங்கச்சிட்ட நான் சொல்லட்டா, நீங்க சொல்றீங்களா?"

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

"கடிதத்தை வெச்சிருங்க. என்ட கையெல்லாம் இரை."

வாங்கினேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனை இருக்கும். மணலில் குந்தி, தாளை முழங்காலில் வைத்து, மேல் மூலையில் எழுதினேன்: கிடைத்தது, ஒக்டோபர் 19, திங்கட்கிழமை.